லாவெல் துரையின் ரோட்மேப்

மொபைல் மல்டிபிளேயர் கேம் நடத்துகிற கம்பெனிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சில மாதங்களுக்கு ஒரு தடவை 'ரோட்மேப்' என்று ஒன்றை வெளியிடுவார்கள். அடுத்த சீசனில் புது மேப், அதற்கடுத்த சீசனில் புதுத் துப்பாக்கி, தீபாவளிக்கு ஸ்கின், பொங்கலுக்கு சர்வர் அப்கிரேட். கலர் கலராக அம்புக்குறி போட்டிருக்கும். பார்த்தாலே, 'அடடா, இவர்களுக்கு எதிர்காலம் தெரிந்திருக்கிறதே' என்று தோன்றும். ஃப்ரீ ஃபயர் இந்தியா 2023 செப்டம்பர் 5-ம் தேதி வருகிறது என்று தோனியை முன்னால் நிறுத்தி அறிவித்தார்கள். பிறகு 'சில வாரங்கள்' தள்ளிவைத்தார்கள். 2024-ம் போய்விட்டது. தோனி ரிட்டயர் ஆவாரா மாட்டாரா என்ற தேசியக் கேள்வியோடு, இந்த கேம் வருமா வராதா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இப்படி ரோட்மேப் போடுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்க வயலுக்குப் போய் வரலாம். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர்தான். அங்கே 120 வருடம் ஒரு மல்டிபிளேயர் கேம் ஓடியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் லாகின், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு லெவல்கள், நிஜத் தங்கம். ரோட்மேப் போட்டவர்களோ லேசுப்பட்டவர்கள் இல்லை. லெஃப்டினன்ட், ஜெனரல், லண்டன் முதலாளி, திவான், மத்திய சர்க்கார். அத்தனை பேரும் சேர்ந்து போட்டதில், போட்டபடி நடந்தது அநேகமாக எதுவுமே இல்லை.

(யஷ் நடித்த தங்க வயல் சினிமாவைப் பார்த்துவிட்டு 'எங்களுக்கு எல்லாம் தெரியும்' என்கிறவர்கள் கொஞ்ச நேரம் அதை மறந்துவிடுங்கள். நிஜத் தங்க வயலில் கையில் சுத்தியலோடு ஒரு ஹீரோ அலையவில்லை. சுத்தியல் எல்லார் கையிலும் இருந்தது.)

பீட்டா டெஸ்டிங் 1802-ல் ஆரம்பித்தது. 1799-ல் திப்பு விழுந்த பிறகு, எது யாருடைய நிலம் என்று அளக்க ஆட்களை அனுப்பினார்கள். அப்படி கோலார் பக்கம் வந்தவர் லெஃப்டினன்ட் ஜான் வாரன். வந்த வேலை எல்லை அளப்பது. காதில் விழுந்ததோ, இந்த ஊர்க்காரர்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுக்கிறார்கள் என்ற செய்தி. அளவுச் சங்கிலி கையிலிருந்து நழுவியது. எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்.

ஊரிகத்து ஜனங்கள் வண்டி வண்டியாகச் சேற்று மண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தங்கம் கேட்டால் சேறு வருகிறதே! அவர் கண்ணெதிரே அதைத் தண்ணீரில் அலசினார்கள். கலங்கல் போக, மண் போக, மணல் போக, கடைசியில் அடியில் துளியூண்டு மினுமினுப்பு. வாரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுமார் 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் தங்கம், அதாவது ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு. காசு கட்டி நூறு பெட்டியைத் திறந்தால் ஒன்றில் உருப்படியான துப்பாக்கி கிடைக்கிற லூட் பாக்ஸ் விவகாரத்தைக் கண்டுபிடித்தது ஜப்பானா, கொரியாவா என்று சண்டை போடுகிறார்கள். இரண்டும் இல்லை ஐயா, ஊரிகம்!

வாரன் ஒரு அபூர்வப் பிறவி. அயர்லாந்து வேர், பிரெஞ்சுக் குடும்பம், பிரிட்டிஷ் சம்பளம். கோலாரில் தங்கம் இருக்கிறதென்று கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டு மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சென்னையில் வானாய்வுக் கூடத்துக்குப் போய் நட்சத்திரம் பார்த்தார். பிற்பாடு புதுச்சேரி. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக்கொண்டே கிரகணம் கணித்த ஒரு தமிழரைப் பார்த்து வாயடைத்துப் போனார். தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளைப் பற்றி 'கால சங்கலிதா' என்று 1825-ல் புத்தகமே போட்டார். காலடியில் தங்கத்தைப் பார்த்தவர் அண்ணாந்து அமாவாசை எண்ணப் போய்விட்டார். கோலார் விஷயத்தில் கைக்காசு தொலைக்காத துரை இவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கப்புறம் அறுபது எழுபது வருடம் யார் யாரோ வந்து தோண்டினார்கள், கையைச் சுட்டுக்கொண்டார்கள், கிளம்பிப் போனார்கள். நடுவில் விபத்துகளைக் காரணம் காட்டித் தோண்டுவதற்குத் தடைகூட வந்தது. பப்ஜியைத் தடை செய்தபோது ஏதோ உலக அதிசயம்போலப் பேசினோம். கேமைத் தடை செய்வது நம் ஊரில் நேற்று வந்த பழக்கமா என்ன?

1871-க்கு வருவோம். பெங்களூர் கன்டோன்மென்ட். மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லாவெல் என்று ஒரு ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் மவோரிகளோடு சண்டை போட்டுவிட்டு வந்து செட்டில் ஆனவர். ஓய்வு பெற்ற சிப்பாய். பொழுது போகவில்லை. ரிட்டயர் ஆனவர்கள் கையில் பழைய பேப்பர் கிடைப்பது ஆபத்து. லாவெல் கையில் கிடைத்தது, வாரன் 1804-ல் எழுதிய அந்தக் கட்டுரை. அறுபத்தேழு வருடம் பழசு! நம் ஆட்களாக இருந்தால் படித்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். லாவெல் மாட்டு வண்டி பிடித்தார்.

அறுபது மைல். குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்து, அங்கே இங்கே கிளறிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1873-ல் மைசூர் சர்க்காருக்கு மனு போட்டார். அப்போது மைசூரில் ராஜா பேர்தான், ராஜாங்கம் பிரிட்டிஷ் கமிஷனருடையது. மனுவின் சாரம் இதுதான்: தோண்ட எனக்கு மட்டும் உரிமை கொடுங்கள், கிடைத்தால் சர்க்காருக்கும் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டம் என்னோடு போகட்டும். ஸ்டார்ட்-அப்காரர்கள் இன்று இருபத்தெட்டு ஸ்லைடில், நடுநடுவே ராக்கெட் படம் போட்டுச் சொல்வதை, அந்த மனுஷர் ஒரு கடிதாசில் முடித்துவிட்டார்.

சர்க்கார் யோசித்தது. சர்க்கார் யோசித்தால் உங்களுக்குத் தெரியாதா? 1875 பிப்ரவரி 2-ம் தேதி லைசென்ஸ் கைக்கு வந்தது. எத்தனை வருடத்துக்கு? இருபது! பப்ஜியின் இந்திய அவதாரமான பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தபோது நம் அரசு கொடுத்த அனுமதி மூன்று மாதம், அதுவும் டிரையல். பெரியவர்கள் ஆறு மணி நேரம், பொடிசுகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடக் கூடாது என்று கண்டிஷன் வேறு. லாவெலைக் கொடுத்து வைத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சிக்கல். லைசென்ஸ் இருக்கிறது, மேப் இருக்கிறது, உற்சாகம் கரை புரள்கிறது, காசு இல்லை.

ஊரிகத்துக்குப் பக்கத்தில் ஒரு குழியை இறக்கிப் பார்த்தார். பாறைக்கு உற்சாகமெல்லாம் புரியாது, டைனமைட்தான் புரியும். இரண்டு வருடத்துக்குள் உரிமையைக் கைமாற்றிவிட்டார். கோலாரில் எடுத்த தங்கத்தில் அவருக்கென்று பெரிதாக எதுவும் ஒட்டவில்லை. பெங்களூரில் லாவெல் ரோடு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். தங்கம் தோண்டக் காசில்லாமல் விலகியவர் பெயரில் இருக்கும் அந்தத் தெருவில் இன்றைக்கு ஒரு ஃபிளாட் வாங்க வேண்டுமானால், சொந்தமாக ஒரு தங்கச் சுரங்கம் இருந்தால் சௌகரியம்.

வாங்கியவர் மதராஸ் ராணுவத்தின் மேஜர் ஜெனரல் பெரஸ்ஃபோர்டு. கூடவே சில நண்பர்கள். 'கோலார் கன்செஷனரீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கும் தோண்டத் தெரியாது. ஆனால் தோண்டத் தெரிந்தவர் யார் என்று கேட்கத் தெரிந்தது. லண்டனில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற சுரங்க நிர்வாகக் கம்பெனி 1880-ல் உள்ளே வந்தது. டெவலப்பர் தடுமாறுகிறார், பப்ளிஷர் வந்தாயிற்று. இனி அமர்க்களம்தான் என்று நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நீலகிரிப் பக்கம் திரும்ப வேண்டும். அதே காலத்தில் தென்கிழக்கு வயநாட்டில், இன்றைய பந்தலூர் தாலுகாவின் தேவாலா, பந்தலூரில், தங்கம் கொழிக்கிறது என்று லண்டனில் கிளப்பிவிட்டார்கள். டஜன் கணக்கில் கம்பெனிகள். ஷேர்கள் பறந்து விற்றன. பந்தலூரில் பங்களாக்கள் முளைத்தன. எல்லாம் தயார், கேம் மட்டும் இல்லை. தங்கம் இருந்தது, ஆனால் எடுக்கிற கூலிக்குக் கட்டாத அளவில்.

இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜிக்குத் தடை. 4-ம் தேதி அக்‌ஷய் குமார் 'ஃபௌஜி' என்ற சுதேசி கேமை அறிவிக்கிறார். இரண்டே நாள்! லட்சக்கணக்கானவர்கள் முன்பதிவு. 2021 குடியரசு தினத்தன்று கேம் வந்தது. மல்டிபிளேயர் இல்லை, பேட்டில் ராயல் இல்லை. துப்பாக்கியும் இல்லை! கல்வான் பள்ளத்தாக்கில் கையாலும் தடியாலும் அடித்துக்கொள்ள வேண்டியது. சரித்திர உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது என்னவோ நிஜம். உண்மையைப் பார்க்கவா ஜனங்கள் கேம் டவுன்லோட் செய்கிறார்கள்? ஸ்டாரைக் குறைத்துக் குறைத்துப் போட்டுத் தள்ளினார்கள். லண்டன் ஷேர்ஹோல்டர்களுக்கு அந்த வசதிகூட இல்லை. ரேட்டிங் போட பட்டன் கிடையாது, போட்ட பணம் மட்டும் போனது.

கோலாரும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடம் தோண்டி, கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. டெய்லர் நடத்திய மைசூர் கம்பெனியின் கஜானாவில் மிச்சம் 13,000 பவுண்டு. ஷேர்ஹோல்டர்களுக்குள் பஞ்சாயத்து. இருப்பதைப் பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்றது ஒரு கட்சி. 'இவ்வளவு போட்டாயிற்று, கடைசியாக இன்னும் ஒரு தடவை' என்றது டெய்லர் கட்சி. ராத்திரி இரண்டு மணிக்கு போன் பேட்டரி மூன்று பர்சென்ட்டில் இருக்க, 'லாஸ்ட் மேட்ச்டா, சத்தியமா' என்கிற பையனின் குரல்தான் அது. என்ன, இது கோட்டு, தொப்பி, மினிட்ஸ் புத்தகத்தோடு வந்த குரல்.

பணம் கேப்டன் பிளம்மரிடம் போனது. கேப்டன் என்றதும் கப்பலைத் தேடாதீர்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நிலத்தடி வேலைக்குத் தலைமை தாங்குகிறவரை கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்குப் பதில் பாறைக்குள்ளே போகிற கேப்டன். இவர் செய்த புத்திசாலித்தனம் ஒன்றுதான். முன்னோர்கள் எப்போதோ தோண்டிக் கைவிட்ட பழைய பள்ளங்களைப் பார்த்தார். 'இந்த ஆட்கள் காரணமில்லாமலா இவ்வளவு ஆழம் போயிருப்பார்கள்?' என்று யோசித்தார். அவர்கள் நிறுத்திய இடத்துக்குக் கீழே இறங்கினார். அங்கே இருந்தது சாம்பியன் ரீஃப், உலகத்தின் வளமான தங்க நரம்புகளில் ஒன்று. 1885 வாக்கில் கம்பெனி நிமிர்ந்து உட்கார்ந்தது. பங்கு பிரித்துக்கொண்டு போகலாம் என்று சொன்ன கட்சி, தாங்களும் அன்றைக்கே டெய்லர் பக்கம்தான் இருந்ததாகப் பிற்பாடு பேரன்களிடம் சொல்லியிருக்கும். கண்டுபிடித்தவர் பிளம்மர் என்று எழுதி வைத்தார்கள். பேட்டரி, டைனமைட், கேப்டன் பட்டம் எதுவும் இல்லாமல் அந்தப் பள்ளங்களைத் தோண்டிவிட்டுப் போனவர்கள் லீடர்போர்டிலேயே இல்லை.

தங்கம் வந்தது. அடுத்த பிரச்சினை சர்வருக்குக் கரண்ட். ஆழம் கூடக் கூட இயந்திரம் கூடியது, விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. காவிரி சிவசமுத்திரத்தில் சும்மா விழுந்துகொண்டிருக்கிறதே என்று யோசனை போனது. ராயல் இன்ஜினியர்ஸைச் சேர்ந்த ஜோலி டி லோபினியேர் என்ற கனடாக்காரர் திட்டம் போட்டார். திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர், பின்னால் நின்றார். காட்டு வழியில் யானையும் மாடும் இழுத்து வந்து சேர்த்த இயந்திரங்கள். அருவியிலிருந்து தங்க வயல் வரை சுமார் 147 கிலோமீட்டர் கம்பி. அன்றைக்கு உலகிலேயே நீளமான மின்பாதைகளில் ஒன்று. 1902 ஜூன் கடைசியில் ஓட ஆரம்பித்தது. கட்டிக் காத்த சேஷாத்ரி ஐயர் முந்தின வருடமே காலமாகிவிட்டார், ஸ்விட்ச் போடும்போது இல்லை. பெங்களூருக்கு மின்விளக்கு 1905-ல்தான் வந்தது. இன்றைக்கு சிலிக்கான் வேலி, ஐ.டி. தலைநகர் என்று மார்தட்டுகிற ஊர், மூன்று வருடம் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து, கோலாரில் எரிகிற பல்பைப் பற்றிக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தது.

சரி, பிளேயர்கள் யார்? ரோட்மேப்பில் இவர்களுக்கு ஒரு வரிதான்: 'கூலி, தேவைக்கேற்ப'. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கின. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் ஆண்டை வயலில் காலம் பூரா கடனுக்கு உழைத்தவர்களுக்கு, பாதாளத்தில் வேலை என்றாலும் மாதம் முடிந்தால் கையில் காசு என்பது வேறு உலகம். வசிக்க மூங்கில் தட்டி வீடு, ஒரே அறை, அதுபோல வரிசை வரிசையாக 'லைன்'கள். துரைமார்களுக்கு மேட்டில் பங்களா, கிளப், பில்லியர்ட்ஸ், கோல்ஃப் மைதானம். குளிர்ந்த காற்றும் தோட்டமுமாக இருக்கிறதென்று இதற்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பட்டப்பெயர் வேறு. பிரீமியம் பாஸ் வாங்கினவர்களுக்கு ஒரு லாபி, மற்றவர்களுக்கு ஒரு லாபி. ஒரே மேப், நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான் வித்தியாசம்.

ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஆன்டி-சீட் வேண்டாமா? ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைச் சோதிப்பார்கள். லண்டனில் ஷேர் விலையில் விளையாடியவர்களை யாரும் சட்டையைக் கழற்றச் சொன்னதாகத் தகவல் இல்லை. 1930-ல் கம்பெனிக்கு ஒரு நவீன யோசனை உதித்தது. தொழிலாளர்கள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும். பயோமெட்ரிக் லாகின்! 'நாங்கள் என்ன கேடிகளா?' என்று ஜனங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். யூனியன் கிடையாது, பெரிய தலைவர் கிடையாது. வாரக்கணக்கில் சுரங்கம் முடங்கியது. கம்பெனி அந்த அப்டேட்டை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆதார் எடுக்கப் போய்க் கைரேகை விழாமல் நாலு தடவை திருப்பி அனுப்பப்பட்ட நமக்கெல்லாம் அவர்களுடைய ரோஷத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

முதலாளிகள் கனவிலும் நினைக்காத ஒரு ஃபீச்சரை இந்த பிளேயர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது. அவர் 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது தங்க வயல்காரர்கள் காசு அனுப்பினார்கள், கட்டுரை அனுப்பினார்கள். பண்டிதர் காலத்துக்குப் பின் நின்றுபோன பத்திரிகையை 1926-ல் ஜி. அப்பாதுரையார் கோலாரிலிருந்தே மறுபடி கொண்டு வந்தார். சாம்பியன் ரீஃப்ஸில் சித்தார்த்தா புத்தகசாலை புத்தகம் புத்தகமாக அச்சடித்தது. மேட்டு கிளப்பில் துரைமார்கள் பழைய லண்டன் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்க, கீழே லைனில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் சொந்தப் பத்திரிகைக்கு ப்ரூஃப் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

லெவல் கூடிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் 3,200 மீட்டர் ஆழம் தொட்டது, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. கூண்டில் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும். இருட்டில் கீழே, கீழே, இன்னும் கீழே. அடியில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலே ராட்சத ஏ.சி. போட்டுக் குளிர்காற்றைக் கீழே தள்ளினார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை சில சமயம் தானாக வெடிக்கும். 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே ராபர்ட்சன்பேட்டையில் அலமாரிப் பாத்திரம் அதிரும். அதிர்ந்த உடனே வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, எந்த ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். எல்லா கேமிலும் இருக்கிற, செத்தவர் மறுபடி எழுந்து வருகிற 'ரெஸ்பான்' வசதி இந்த ஒன்றில் இல்லை.

இவ்வளவு ஆழத்துக்குப் போனதால் ஒரு போனஸ் லெவல் கிடைத்தது. அது எந்த ரோட்மேப்பிலும் இல்லாதது. நியூட்ரினோ என்று ஒரு துகள். பூமியையே துளைத்துக்கொண்டு எதன் மேலும் மோதாமல் போய்விடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் விண்ணிலிருந்து கொட்டுகிற மற்ற துகள் இரைச்சல் எட்டாத இடம் வேண்டும். தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேலே கெட்டிப் பாறையோடு, லிஃப்ட்டும் கரண்ட்டும் இருக்கிற இடம் உலகத்தில் எத்தனை? பம்பாய் டாடா ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்று கோஷ்டியும் சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். 1965-ல் சிக்கியது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைப் பிடித்ததாக உலகத்துக்கு முதலில் பேப்பர் போட்டது கோலார்.

முதலில் பார்த்தது? அதுதான் வேடிக்கை. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில், இன்னொரு கோஷ்டி, இதே வேலை. அவர்கள் கொஞ்சம் முன்னாலேயே பார்த்துவிட்டார்கள், பேப்பர்தான் சுமார் இரண்டு வாரம் லேட். ஆக, ஒருவர் முதலில் பார்த்தார், மற்றவர் முதலில் சொன்னார். பக்கத்து லெவலில் காலைச் சாப்பாட்டு டப்பாவோடு இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? தங்கம் திருட வந்தவர்கள் என்று மட்டும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் எதுவுமே இல்லை.

அதற்குள் ஓனர் மாறிவிட்டார். 1956-ல் மைசூர் அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம். அரசே தோண்டியது, அரசே வாங்கியது, விலையையும் அரசே வைத்தது. வெளிச் சந்தையில் தங்கம் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, கோலார் தங்கத்துக்குக் கணக்கில் ஏறிய விலை வேறு. அப்புறம் 'நஷ்டத்தில் ஓடுகிறது' என்று கவலைப்பட்டார்கள்! ஒரு கிராம் எடுக்க ஆகிற செலவு ஒரு கிராம் தங்கத்தின் விலையைத் தாண்டியது. எல்லா வருடமும் மறுசீரமைப்புத் திட்டம், கமிட்டி, அறிக்கை. 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த கேமின் சர்வர் 2001 பிப்ரவரி 28-ம் தேதி அணைக்கப்பட்டது. வயநாட்டில் தங்கம் போதாமல் கேம் நின்றது, இங்கே கணக்குப் புத்தகம் போதாமல் நின்றது.

பம்பை நிறுத்தியதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. பிளேயர்கள் வேறு சர்வருக்கு மாறினார்கள். விடிகாலையில் மாரிக்குப்பத்தில் கிளம்புகிற ரயிலைப் பாருங்கள். செக்யூரிட்டி, தையல் வேலை, ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி என்று ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்குப் போய் ராத்திரிதான் திரும்புகிறார்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டு, பங்காருப்பேட்டை தாண்டியதும் இளவட்டங்கள் போனைக் கிடையாகத் திருப்புவார்கள். 'டேய், ரிவைவ் குடுறா', 'நெட் போச்சுண்ணா' என்று கூச்சல். லாவெல் மாட்டு வண்டியில் குலுங்கிப் போன அதே அறுபது மைல்தான், திசை மட்டும் தலைகீழ்.

ஊரில் மிச்சமிருப்பது சயனைட் மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், மலை மலையாக. காற்றடித்தால் ஊர் முழுக்கத் தூசி. யஷ் படம் எடுக்க வந்தவர்களும் இந்த மேட்டைத்தான் தேடி வந்தார்கள். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-ல் வந்தபோதாவது முதல் தலைமுறைத் தமிழர்கள் திரையில் தெரிந்தார்கள். அந்த மேட்டிலும் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. ஆகவே மறுபடி ஒரு ரோட்மேப்! 13 மேடுகள், ஆயிரம் ஏக்கர் சொச்சம், மேலாகத் தோண்டி எடுக்கலாம் என்று மத்திய அரசு கேட்க, கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் சொன்னது. இருபது வருடத்துக்கு மேலாக டெண்டர், கோர்ட், புது டெண்டர் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர் என்பதால், யாரும் பட்டாசு வாங்க ஓடவில்லை.

இன்னொரு பக்கம், யஷ் படத்தின் இரண்டாம் பாகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மூன்றாம் பாகத்துக்குக் கொக்கி போட்டுவிட்டுப் போனார்கள். அது 2022. டெண்டர் முந்துமா, சேப்டர் த்ரீ முந்துமா என்று ஒரு பந்தயமே கட்டலாம். ஆனால் பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். ஆகவே ஆஃப்லைனில், மாரிக்குப்பம் ரயிலில், ஒரு காப்பிக்குப் பந்தயம். நான் சேப்டர் த்ரீ பக்கம்.